மூடு உள்ளவர்களும் திமிர் பிடித்தவர்களும்

‘சார் என்ன மூட்ல இருக்கார்?’

முப்பது வருஷத்துக்கும் மேலாக அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து எழுந்தவன் என்கிற முறையில், நம் அலுவலக வாழ்வின் ஆகப்பெரிய கேள்வி இதுதான் என்று சொல்வேன். கோப்பில் என்ன இருக்கிறது, விதி என்ன சொல்கிறது, அரசாணையின் எண்ணும் நாளும் எவை என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கேள்வி கேட்கப்படுவது அதிகாரியிடம் அல்ல. அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளரிடம் (1991இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவரைப் பியூன் என்றுதான் சொன்னோம்). அவர் வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார். உதட்டைப் பிதுக்குவார். அல்லது கண்ணைக் காட்டி ‘போங்க, போங்க’ என்பார். அந்தச் சைகையில் யாரோ ஒருவரின் பென்ஷன் அன்றைக்கு நகர்ந்திருக்கிறது. வேறு யாரோ ஒருவரின் இடமாறுதல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. காலை பத்து மணிக்கு ஒரு கடைநிலை ஊழியர் ஒரு மனிதரின் முகத்தை வாசித்துச் சொன்ன வாசிப்பு நிர்வாகத்தைத் தீர்மானித்தது என்று எழுதினால் வெளியாட்களுக்கு மிகையாகத் தெரியும். உள்ளே இருந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

வேலையிடத்தில் உணர்ச்சிகள் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை உணர்ச்சியைத் தனிமனிதனின் தோலுக்குள் நடக்கும் சமாச்சாரமாகவே எடுத்துக்கொள்கின்றன. கோபம் வந்தால் மூச்சை இழுத்து விடு, ஒரு டம்ளர் தண்ணீர் குடி என்கிற ரகம். எனக்கு அதில் அக்கறை இல்லை. மூடு யாருக்கு இருக்கலாம், யாருக்கு இருக்கக் கூடாது, ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் எப்படி வந்து சேர்கிறது என்பதே என் கேள்வி. இதை ஆராய்ச்சியாளனாக எழுதவில்லை. ஒரு குற்றத்தில் பங்குள்ளவனாக எழுதுகிறேன். அது பின்னால் வருகிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘மூடு’ ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆனால் புறப்பட்ட இடத்தில் இருந்த பொருளோடு அது இங்கே வந்து சேரவில்லை. அங்கே அது யாருக்கும் இருக்கலாம். தமிழ் அலுவலகத்தில் அது பதவியோடு சேர்ந்து வரும் வசதிகளில் ஒன்று. ஜீப், அழைப்பு மணி, சுழல் நாற்காலி, நாற்காலியின் முதுகில் போட்ட வெள்ளைத் துண்டு, அப்புறம் மூடு. மாவட்ட அதிகாரிக்கு ‘மூடு சரியில்லை.’ அவருக்குக் கீழே உள்ள கண்காணிப்பாளருக்கு அதே முகம் இருந்தால் அவர் ‘டென்ஷன் பார்ட்டி.’ இளநிலை உதவியாளருக்கு அந்த முகம் வாய்த்தால் ‘சிடுமூஞ்சி.’ பெண் தட்டச்சர் என்றால், ‘வீட்ல ஏதோ பிரச்சினை போல, இங்க வந்து காட்டுது.’ துப்புரவுப் பணியாளருக்கு அதே முகம் இருந்தால் ‘திமிர்.’ புருவம் சுருங்கியிருப்பதும் உதடு இறுகியிருப்பதும் ஐந்து பேரிடமும் ஒன்றுதான். பெயர் மட்டும் படிக்கட்டில் இறங்க இறங்க மாறுகிறது. மேல்படியில் அது வானிலை போல, யாரும் பொறுப்பில்லாத ஒன்று. வந்தால் குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கீழ்ப்படியில் அது ஒரு செயல். செய்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். (தமிழில் ‘மூடு’ ஓர் ஏவல்வினையாகவும் இருப்பது தற்செயல். தற்செயல்களுக்கும் அரசியல் உண்டு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை.)

முகத்தை வாசிப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன என்பதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரு விந்தையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று பொருட்பாலில், 71ஆவது. இன்னொன்று காமத்துப்பாலில், 110ஆவது. ஒன்றில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான், மற்றொன்றில் காதலன் காதலியின் கண்ணைப் படிக்கிறான். தலைப்பு ஒன்றாக இருப்பதை ரசிப்பதோடு உரைகாரர்களும் ஆசிரியர்களும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. காமத்துப்பாலில் வாசிப்பு இருபக்கமும் நடக்கிறது. அவள் பார்க்கிறாள், அவன் பார்க்கிறான், பார்க்காததுபோல் பார்க்கிறார்கள். பொருட்பாலில் அமைச்சன் மட்டுமே வாசிக்கிறான். அரசன் அமைச்சனின் முகத்தைப் படித்தாக வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அதற்கு முந்தைய அதிகாரம் ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்.’ மன்னன் முன்னால் அடுத்தவன் காதில் கிசுகிசுக்கக் கூடாது, மற்றவரோடு சேர்ந்து சிரிக்கக் கூடாது, மனநிலையும் சமயமும் பார்த்துப் பேச வேண்டும் என்று போகிறது அந்தப் பட்டியல். சென்னை எழிலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் உதவியாளருக்கு மூத்தவர் டீக்கடையில் வைத்துச் சொல்லும் புத்திமதிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

தொல்காப்பியம் இன்னும் கறாரானது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். அச்சத்துக்குச் சொல்லப்படும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேயும் புலியும் திருடனும் நின்ற வரிசையின் கடைசியில் தன்னுடைய சொந்தத் தலைவனும் நிற்கிறான். இது புகாராகச் சொல்லப்படவில்லை, சாதாரண உண்மையாகச் சொல்லப்படுகிறது. அழுகைக்கான நான்கில் இழவும் உண்டு, இளிவும் உண்டு. இழப்பதாலும் இழிவுபடுவதாலும் மனிதன் அழுவான். இந்த இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘மெய்ப்பாடு’ என்ற கருத்தே உணர்ச்சியை உள்ளே தேடாமல் உடம்பின் மீது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கிறது. பார்ப்பவர் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார் என்ற கேள்வியைத்தான் அது கேட்கவில்லை.

இனி நவீன முதலாளியம். அது உணர்ச்சியைக் கண்டுபிடித்த கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனாலும் ஒரு முடிச்சுக்காக நானும் சொல்கிறேன். சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை. டெலிபோன் கருவிகள் செய்யும் இடம். 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் ஒழுங்கான உறவு எதுவும் கிடைக்கவில்லை. 1927இல் ஒரு சிறிய அறையில் ரிலே பொருத்தும் இளம் பெண்கள் சிலரைத் தனியே உட்காரவைத்து, ஓய்வு நேரம், வேலை நேரம், கூலிமுறை எல்லாவற்றையும் மாற்றிமாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோ இதற்கு அளித்த விளக்கம் ‘மனித உறவுகள்’ என்ற ஒரு பெரிய சொல்லாடலுக்கே அஸ்திவாரமாகிவிட்டது: தங்களை யாரோ பொருட்படுத்துகிறார்கள் என்ற உணர்வுதான் அந்தப் பெண்களின் வேலையை உயர்த்தியது. தொழிலாளிக்கு மனசு உண்டு. இது மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் அப்படியே வருகிறது. அதே அறையிலிருந்து 1928 தொடக்கத்தில் இரண்டு பெண்கள், வேலை நேரத்தில் அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று வெளியே எடுக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பேர் உட்காரவைக்கப்பட்டார்கள் என்பது பாடப்புத்தகங்களில் அவ்வளவாக வருவதில்லை. மனித உறவுகளின் ஆதிக்காட்சியில் மூஞ்சி சரியில்லாத இரண்டு பேர் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொன்ன முடிச்சு அது அல்ல. 1928க்கும் 1930க்கும் இடையில் அதே ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். முதலில் கேள்வி கேட்டார்கள். பிறகு கேள்வியை நிறுத்திவிட்டு, அவர்களாகப் பேசட்டும் என்று விட்டார்கள். 1939இல் இதையெல்லாம் தொகுத்து எழுதிய ரோத்லிஸ்பெர்கரும் டிக்ஸனும் புகாரை இரண்டாகப் பிரித்தார்கள்: வெளியே சொல்லப்படுவது ஒன்று, உள்ளே மறைந்திருப்பது வேறொன்று. ஒரு தொழிலாளி ‘கூலி போதவில்லை’ என்கிறான். பேசவிட்டுப் பார்த்தால், அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிச் செலவு மென்னியைப் பிடிக்கிறது. ஆகவே அவனுடைய புகாரின் மறைபொருள் கூலி அல்ல, குடும்பக் கவலை. எவ்வளவு நுட்பமான வாசிப்பு! ஃப்ராய்டு கனவுக்குச் செய்ததை இவர்கள் கூலிக்குச் செய்துவிட்டார்கள். மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கூலியிலிருந்துதானே கட்ட வேண்டும், அப்படியென்றால் கூலி போதவில்லை என்பது உண்மைதானே என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கோரிக்கையாக வந்தது உணர்ச்சியாக மாற்றப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. 1936இலிருந்து அந்த ஆலையில் ஆலோசகர்கள் நிரந்தரமாகவே நியமிக்கப்பட்டார்கள். காது கொடுத்துக் கேட்பது அவர்கள் வேலை. கேட்டதற்கு ஏதாவது செய்வது அவர்கள் வேலை அல்ல.

1983இல் ஆர்லி ரஸ்ஸல் ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் இதை மறுமுனையிலிருந்து பார்த்தார். அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனியில் பணிப்பெண்களுக்குத் தரப்படும் பயிற்சியைக் கூடவே உட்கார்ந்து கவனித்து அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கலைச்சொல் பரவியது. விமானத்தின் உள்பகுதியை உன் வீட்டு முன்னறையாக நினைத்துக்கொள், பயணி உன் விருந்தாளி என்று அவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கத்தும் பயணியைக் குழந்தையாகக் கற்பனை செய்துகொள். அவன் வீட்டில் ஏதோ துக்கமோ என்னவோ. முகத்தால் சிரித்தால் போதாது, சிரிப்பு உள்ளிருந்து வர வேண்டும். நடிப்புக் கலைக்கு ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வகுத்ததை விமானக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்கிறார் ஹோக்ஷில்ட். அதே புத்தகத்தில் எதிர்முனையையும் காட்டுகிறார்: பாக்கி வசூலிப்பவர்கள். அவர்களுக்கு இரக்கம் வந்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவனைச் சிறுமைப்படுத்தும் குரல்தான் அவர்களுடைய உற்பத்திக் கருவி. அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், பெண்களை மட்டும் எடுத்தால் சரிபாதி, இப்படிப்பட்ட வேலைகளில் இருப்பதாக அவர் கணக்கிட்டார்.

இந்தப் புத்தகத்தை நான் தாமதமாகத்தான் படித்தேன். படித்தபோது நம்ம ஊர் ஜவுளிக்கடைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டபிறகு ‘வேற டிசைன் காட்டுப்பா’ என்று சொல்பவரிடம் சிரித்துக்கொண்டே ஐம்பத்தொன்றாவதைப் பிரிக்க வேண்டும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக்கூடத்தையும் படுக்குமிடத்தையும் காட்டிவிட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்கள் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக 2018இல் கேரளத்திலும், பிறகு 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்த ஒரு சமூகம் என்பதை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும். வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் அது காலுக்கான சட்டம். சிரிக்காமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

ஹோக்ஷில்டோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. வீட்டில், நட்பில், சொந்தத்தில் நாம் செய்துவந்த உணர்ச்சி வேலையைக் கம்பெனி வெளியே இழுத்துவந்து சந்தைக்குப் போட்டுவிட்டது என்பது அவருடைய அடிப்படைக் கதையாடல். முதலில் தனியுடைமையாக, எனக்கே எனக்கானதாக ஒரு சிரிப்பு. பிறகு அது விற்கப்படுகிறது. கலிஃபோர்னியாவில் அது சரியாக இருக்கலாம். இங்கே யாருடைய சிரிப்பு முதலில் அவரவருக்கே சொந்தமாக இருந்தது? தோளில் கிடந்த துண்டு எதிரே ஆள் வந்ததும் இடுப்புக்கு இறங்கியதே, அதற்கு எந்தக் கம்பெனி பயிற்சி கொடுத்தது? களத்துமேட்டில் நெல் அளக்கும்போது பண்ணையாரின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே ஒருவன் தன் பாக்கியைக் கேட்டான். நம் அலுவலகங்கள் சந்தையிலிருந்து உணர்ச்சி உழைப்பைக் கற்றுக்கொள்ளவில்லை. பண்ணையிலிருந்து கொண்டுவந்தன. ஆகவேதான் இங்கே அந்த உழைப்பு வாடிக்கையாளரை நோக்கிப் போவதில்லை. மனு கொடுக்க வந்தவரிடம் நாங்கள் எரிந்துவிழலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மேலே இருப்பவரை நோக்கித்தான் அது போகும். அதற்குச் சம்பளமும் கிடையாது. அது வேலை என்றே யாரும் நினைப்பதில்லை, ‘மரியாதை’ என்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தஸ்து உள்ளவர்களுக்கு ஒரு கேடயம் இருக்கிறது, அது இல்லாத பெண்கள் மீதுதான் பிறருடைய எரிச்சல் வந்து விழுகிறது என்று ஹோக்ஷில்டே ஓர் அத்தியாயத்தில் எழுதுகிறார். அந்த இடத்தில் அவர் நமக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். மானிடவியலாளர் டேவிட் கிரேபர் இதை இன்னும் நேராகப் போட்டு உடைத்தார்: அதிகாரம் கோணலாக இருக்கும் இடங்களில் கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைக் கற்பனை செய்துகொண்டே இருக்கிறார்கள், மேலே இருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் பியூன் தன் அதிகாரிக்குச் சர்க்கரை ஏறிய நாள், மாமனார் வந்து தங்கிய நாள், மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் எல்லாவற்றையும் அறிவார். அதிகாரிக்கு அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது தெரியாது.

ஹைடெக்கரை இங்கே இழுக்கலாமா என்று யோசித்தேன். இழுத்துவிடுகிறேன். 1927இல் வந்த ‘இருத்தலும் காலமும்’ நூலில் மனநிலை என்பது உள்ளே இருந்து வெளியே வருவதும் அல்ல, வெளியே இருந்து உள்ளே போவதும் அல்ல. உலகம் நமக்குத் திறந்துகொள்ளும் விதமே அதுதான் என்கிறார். அவர் பயன்படுத்தும் ஜெர்மன் சொல் ‘ஸ்டிமுங்.’ வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதையும் அந்தச் சொல் குறிக்கும். எங்கள் அலுவலகத்துக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. காலையில் ஒருவர் வந்து தம்புராவை மீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்று முழுக்க அறுபது பேர் அந்தச் சுருதிக்குத்தான் வாசிக்க வேண்டும். ஒத்துவராத வாத்தியம் அபஸ்வரம். தத்துவ மேதைக்கு அந்த அறுபது பேரைத் தெரியாது. அவருடைய மனிதன் தனியாக இருக்கிறான், உலகம் அவனுக்குத் திறந்துகொள்கிறது. எங்கள் உலகம் திறப்பதற்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் குறிப்பாணைக்கு வருகிறேன்.

வருஷம் 1996. ஒரு மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம். ஊரும் துறையும் வேண்டாம். நான் பணியமைப்புப் பிரிவு உதவியாளர். அங்கே பகுதிநேரத் துப்புரவுப் பணியாளராக ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து வருவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. என் சாதிக்கு அந்த ஊரில் துண்டை இறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பதை மட்டும் எழுதியாக வேண்டும். அவருடைய ஒரே மகன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். நான்காம் நாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். வராவிட்டால் கூலி கிடையாது, விடுப்பு என்ற ஒன்று அந்த வேலைக்கு இல்லை. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அதிகாரி உள்ளே வரும்போது அவர் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாகத் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒதுங்கிக் கும்பிடுவார், ஒரு சிரிப்பும் சிரிப்பார். அன்று ஒதுங்கவில்லை. கும்பிடவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தபடி நின்றார். ‘என்ன மூஞ்சி இது?’ என்று அதிகாரி கேட்டார். பதில் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அரைமணி நேரத்தில் கண்காணிப்பாளர் என் மேஜைக்கு வந்தார். ‘மெமோ ஒண்ணு போடுய்யா.’ போட்டேன். வரைவில் நான் எழுதியது ‘அழுத முகத்துடன் நின்றதோடு’ என்று. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. அந்த அம்மாவின் வீட்டுத் துக்கத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பியவர். வரைவைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ‘அழுதான்னு எழுதினா இது எப்படிய்யா நிக்கும்?’ அடித்தார். மேலே எழுதினார்: ‘முகத்தைச் சுளித்தபடி நின்றதோடு.’

தட்டச்சாகிப் போன பிரதியை நினைவிலிருந்து தருகிறேன்: ‘தாங்கள் அலுவலக நேரத்தில் மேலதிகாரியைக் கண்டும் உரிய மரியாதை செலுத்தாமலும், வினவியதற்கு விடை பகராமலும், முகத்தைச் சுளித்தபடி நின்றதோடு அலுவலக ஒழுங்கிற்குக் குந்தகம் விளைவித்துள்ளீர்கள். மேற்படி செயலுக்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற மூன்று தினங்களுக்குள் அளிக்குமாறு பணிக்கப்படுகிறீர்கள்.’

இலக்கியப் பிரதிகளை ஆயிரம் கோணத்தில் அலசிய நாம் இந்த மாதிரிப் பிரதிகளை ஏன் வாசிக்கவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. இதில் அந்த அம்மாவுக்குத் ‘தாங்கள்’ கிடைக்கிறது. பதினைந்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் ‘நீங்க’ என்றுகூடக் கூப்பிட்டதில்லை. ‘இந்தாம்மா’, ‘ஏய்’, ‘நீ’ தான். அரசு அவரை முதன்முறையாகப் பன்மையில் விளித்தது குற்றம் சாட்டுவதற்காக. அடுத்து வினைகளைப் பாருங்கள். செலுத்தாமல், பகராமல். செய்யாதவை எல்லாம் செய்கைகளாகிவிடுகின்றன. எஞ்சும் ஒரே உடன்பாட்டு வினை ‘சுளித்தல்.’ அது கண்காணிப்பாளரின் பேனாவில் பிறந்தது.

ஹாதார்னில் கோரிக்கையை உணர்ச்சியாக்கினார்கள். நாங்கள் உணர்ச்சியைக் குற்றமாக்கினோம். தொல்காப்பியத்தின் மொழியில் சொன்னால் இழவினால் வந்த அழுகையை எடுத்து வெகுளியின் வரிசையில் வைத்தோம். ஒரு சொல்லை அடித்து இன்னொரு சொல்லை எழுதினால் போதுமானதாக இருந்தது. நிறுவனங்கள் உணர்ச்சியை ஒடுக்குகின்றன என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம். ஒடுக்கவில்லை, மறுபெயரிடுகின்றன. பெயரிடும் வேலையை என்னைப்போன்ற, மாதம் முதல் தேதி சம்பளம் வாங்குகிற, சிறுபத்திரிகை படிக்கிற குமாஸ்தாக்கள் செய்கிறார்கள்.

தமிழ்ப் புனைகதை இந்த இடத்தைத் தொட்டிருக்கிறதா? அலுவலக முகமூடிகளைப் பற்றி ஆதவன் அளவுக்கு நுணுக்கமாக எழுதியவர் குறைவு. சினிமாத் தொழிலுக்குள் முதலாளியின் நிலைமை தடுமாறும்போது கீழே ஒவ்வொருவருடைய வாழ்க்கையும் எப்படி ஆட்டம் காண்கிறது என்பதற்கு அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ இருக்கிறது. ஆனால் ஆதவனின் மனிதர்கள் தங்கள் மூடு பற்றிப் படும் அவஸ்தை, மூடு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர்களின் அவஸ்தை. ‘நான் போலியாகச் சிரிக்கிறேனே’ என்று வருந்துவதற்குப் போலியல்லாத சிரிப்பு ஒன்று கைவசம் இருப்பதாக நம்பிக்கை வேண்டும். நடைபாதையைக் கூட்டுகிறவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவர் சிரிப்பு போலியா நிஜமா என்று யாரும், அவர் உட்பட, கேட்டதில்லை. இருந்ததா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

1995இல் டேனியல் கோல்மனின் புத்தகம் வந்து ‘உணர்ச்சி நுண்ணறிவு’ உலகெங்கும் பேச்சானது. (அந்தச் சொல்லை 1990இலேயே சலோவியும் மேயரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள், விற்பனை கோல்மனுக்குப் போனது.) எங்கள் துறைக்கு அது வந்துசேர ஒரு பதினைந்து வருஷமாயிற்று. அதற்குள் நானே கண்காணிப்பாளராகிவிட்டேன். மூன்று நாள் பயிற்சி. கோபத்தைக் கையாள்வது, எதிரில் இருப்பவர் நிலையில் இருந்து பார்ப்பது, படத்தில் உள்ள முகங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது. பயிற்சி தந்தவர் நல்ல பேச்சாளர். நாங்கள் முப்பது பேரும் முகங்களைத் தப்புத்தப்பாகச் சொன்னோம். இடைவேளையில் டீ கொண்டுவந்த பையன் திரையில் தெரிந்த படத்தை எட்டிப்பார்த்துவிட்டு, ‘அந்தாளு பயந்திருக்காரு சார்’ என்றான். சரியான விடை. எல்லாரும் சிரித்தோம். அவனுக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை என்பதும், எங்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதும் அந்தச் சிரிப்பில் போய்விட்டன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வு வந்த மூன்றாம் மாதம், கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. ‘இப்ப போவாதீங்க, சார் மூடு சரியில்ல.’ சார் என்றால் நான். சத்தியமாக அன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை, பல்வலி. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகம் தானாகவே இறுகியது. யாரும் உள்ளே வரவில்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியின் ருசி எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் நான் எழுத வந்த விஷயங்களிலேயே எழுதக் கடினமானது. பிறகு பல நாள் பல்வலி இல்லாமலே அந்த முகத்தைப் போட்டுக்கொண்டேன்.

குறிப்பாணைக் கோப்பில் இன்னும் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று அந்த அம்மாவின் விளக்கம். அவருக்கு எழுதத் தெரியாது. மூன்றாம் நாள் மாலை என் மேஜைக்குத்தான் வந்தார். ‘நீங்களே எழுதிருங்க சாமி.’ எழுதினேன். குற்றச்சாட்டை எழுதிய அதே கை, அதே பேனா. ‘இனிமேல் இதுபோன்ற தவறு நேராது என்றும், மேலதிகாரிகளிடம் பணிவுடன் நடந்துகொள்வேன் என்றும் உறுதி கூறுகிறேன்.’ படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘எம் மூஞ்சிய நான் எங்க சாமி கொண்டுபோயி வைக்கிறது?’ என்றார். என்னிடம் கேட்டாரா தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை. அதை நான் எழுதவில்லை. மைப்பெட்டியை நகர்த்தி வைத்தேன். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார்.

மற்றொரு தாள் அலுவலகக் குறிப்பு. ‘பணியாளரின் விளக்கம் ஏற்கப்பட்டு, இனிவரும் காலங்களில் கவனமாக இருக்குமாறு எச்சரித்து இப்பொருள் மீதான நடவடிக்கை முடிக்கப்படலாம்.’ அதற்குக் கீழே ஒரே சொல்லும் சுருக்கொப்பமும்: ‘சரி.’ மேலே உள்ளது என் கையெழுத்து. அன்றைக்கு அதிகாரி நல்ல மூட்ல இருந்தார். பியூனிடம் கேட்டுவிட்டுத்தான் கோப்பை உள்ளே அனுப்பினேன்.